ஒரு படித் தண்ணீரில் காணாமல் போன நூறு சி.சி.

1. ஆறு கிண்ணம்

கல்வி இலாகா அதிகாரி மறுநாள் காலை வருகிறார் என்ற நிலையில், என் வகுப்பில் ஒரே படிக்கு இரண்டு கன அளவு கிடைத்தது. முன்வரிசைப் பையன்கள் ஆயிரத்து அறுநூறு சி.சி. என்றார்கள். பின்வரிசைப் பையன்கள் ஆயிரத்து ஐந்நூறு என்றார்கள். படி ஒன்றுதான், தண்ணீரும் ஒரே ஏரித் தண்ணீர்தான். அளந்த கிண்ணங்களும் நானே சரிபார்த்தவை.

இதை எழுதுவது இப்போது பள்ளிகளில் அளவை பாடம் நடத்தும் இளைய ஆசிரியர்களுக்காக. உங்கள் பாடு சுலபம். கடையிலேயே கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன. நான் சொல்வது மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக எங்கள் ஜில்லாவுக்கு வந்திருந்த காலம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அந்தப் பக்கத்தில் ஒரு போர்டு ஹைஸ்கூலில் நான் தற்காலிக சயின்ஸ் அசிஸ்டென்ட், அதாவது விஞ்ஞான வாத்தியார். பி.ஏ.வும், ஆசிரியர் பயிற்சிக்கான எல்.டி.யும் படித்தவன். எந்த வேலைக்கு எந்தப் படிவம், எந்தக் கருவிக்கு எந்தப் பிழைத்திருத்தம் என்பதெல்லாம் மனப்பாடம். மனப்பாடமாக இல்லாதது மாணவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான். அதை எல்.டி. பரீட்சையில் கேட்பதில்லை.

நான்காம் பாரத்திலிருந்து, அதாவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து, பௌதிகத்தை விருப்பப்பாடமாக நடத்த எங்கள் பள்ளி அனுமதி கேட்டிருந்தது. பையன்களுக்குச் செய்முறை வருகிறதா என்று அதிகாரி நேரில் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பௌதிகம் வேண்டும் என்கிறவன் சேலத்துக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். முடியாதவன் வேறு பாடம் எடுக்கலாம், அல்லது படிப்பை நிறுத்தலாம். எனக்கும் வேலை போய் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் மாதையன்.

மாதையன் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் நடந்து வருகிறவன். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதிகாரி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு அவன் தகப்பனார் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், சேலத்துக்கெல்லாம் அனுப்ப நம்மால ஆகாதுங்க. இங்கியே இருக்குதுன்னா படிக்கட்டும். இல்லைன்னா ஏரு புடிக்கட்டும். அவனுக்கு ரெண்டும் வரும். எதுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா மாடு வாங்கலாமா வேணாமான்னு நான் பாத்துக்குவேன்."

அதிகாரி சொல்லட்டும் என்றேன். "அவருக்கு எம்மாட்டைப் பத்தி என்ன தெரியுமுங்க?" என்றார்.

கருவிகளுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஆறு கண்ணாடி மெஷரிங் சிலிண்டர் வரவழைத்தோம். மொரப்பூர் வரை பெரிய ரயிலில் பத்திரமாக வந்தன. மொரப்பூரிலிருந்து எங்களூருக்கு வரும் சின்ன ரயில் குலுங்காமல் ஓடியதாக எவரும் சொன்னதில்லை. பெட்டியைத் திறந்தால், ஐந்து சிலிண்டர் வைக்கோலோடு கலந்து கிடந்தது. பிழைத்த ஒன்று நூறு சி.சி. அளவுள்ளது.

அந்த ஒன்றை வைத்து ஆறு பித்தளைக் கிண்ணம் செய்வதென்று முடிவெடுத்தேன். விளிம்புவரை நிரப்பினால் சரியாக நூறு சி.சி. பிடிக்க வேண்டும். கடைத்தெருவிலிருந்த பாத்திரக்காரரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறு கிண்ணம், எல்லாம் ஒரே அளவு, அதுவும் இத்தினிக்கூண்டு. எதுக்குங்க சார்?"

"தண்ணீர் அளக்க."

"தண்ணிய இந்த அளவுல யாரு சார் குடிக்கிறாங்க? சட்டம் வந்துருக்குதுங்க. அப்புறம் போலீசு என்னிய வந்து கேப்பாங்க."

ஹெட்மாஸ்டரே கடைக்கு வந்து, இது பள்ளிக்கூடத் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் பாத்திரக்காரர் சுத்தியலை எடுத்தார். செய்து கொடுத்தபின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, சிலிண்டரோடு ஒப்பிட்டு, நூறுக்குக் கொண்டுவந்தோம். இத்தனையும் முடிந்தபோது அதிகாரி வர இரண்டே நாள் இருந்தது.

2. பிரான்ஸ் தேசத்துக் கடை

கிண்ணம் வருவதற்குமுன் கரும்பலகையில் பாடத்தை முடித்திருந்தேன். சென்டிமீட்டர், சி.சி. என்கிற கன சென்டிமீட்டர், கிராம் என்று எழுதிப்போட்டபோது முன்வரிசை கோவிந்தன் கை தூக்கினான். கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருப்பவர் மகன்.

"சார், இந்தக் கிராம் கணக்குல எங்க சார் விக்கிறாங்க?"

"பிரான்ஸில்."

"அங்க போனாத்தான் உதவுமுங்களா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எல்.டி. படித்தவன் முதல் வருஷம் சிரிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அந்தத் தாலுகாவில் அன்று எந்த உயிரும் எந்தப் பொருளையும் கிராமில் வாங்கியதில்லை. ஆகவே வீட்டு அளவையிலிருந்து தொடங்கினேன். மூன்று தோலா ஒரு பலம். ஒரு பலம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது ஆயிரத்து நானூறு கிராம். இதை எழுதியதும் பின்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. வீசை அவர்கள் வீட்டுச் சொத்து.

பிறகு மெட்ரிக் முறையின் ஒரே ஒரு அழகைச் சொன்னேன். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் எடை. தண்ணீரின் எடை தெரிந்தால் அதன் கன அளவும் தெரியும். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஒரு கன அடித் தண்ணீர் எத்தனை பவுண்டு என்று கேட்டால் இங்கிலீஷ்காரனே புத்தகத்தைப் புரட்டுவான்.

மாதையன் எழுந்தான். "அப்ப படிய நிறுத்தே எத்தினி சி.சி.ன்னு சொல்லிரலாமுங்களா சார்?"

"படியை அல்ல. படி பிடிக்கும் தண்ணீரை."

"அதத்தானுங்க சொன்னேன்."

சொல்லவில்லை. ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பொருளின் எடையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி என்று அடுத்த பாடத்தைத் தொடங்கியபோது, முடிக்கும் முன்பே "அப்ப தண்ணிக்கு ஒண்ணு" என்றான். தண்ணீருக்கு ஒன்று, கடல் தண்ணீருக்கு ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று, தேங்காயெண்ணெய்க்கு ஒன்றுக்குக் கீழே என்று பட்டியல் எழுதிச் சுவரில் மாட்டினேன்.

3. அமைதி என்ற விதி

அதிகாரி வருவதற்கு முந்திய பிற்பகல்தான் முதல் செய்முறை வகுப்பு. வேலை எளிது. இரும்புப் படி ஒன்று. கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றி, தலைமட்டம் வந்ததும் நிறுத்த வேண்டும். எத்தனை கிண்ணம் ஊற்றினாய் என்பதை நூறால் பெருக்கினால் கன அளவு. வாய்க்குள்ளேயே எண்ண வேண்டும், பரிசோதனைச் சாலையில் பேச்சு கூடாது என்பது என் கட்டளை. எல்லாப் பரிசோதனைச் சாலையிலும் அதுதான் விதி.

முன்வரிசை பதினாறு கிண்ணம் என்றது. பின்வரிசை பதினைந்து என்றது. ஒருவர் இருவர் அல்ல, பின்வரிசை முழுவதும். மாதையனும்தான்.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புளிமண்டியிலிருந்து பெரிய தராசும் வீசைக்கற்களும் வரவழைத்தேன். எங்கள் பள்ளித் தராசு கால் படித் தண்ணீரைத் தாங்கினாலே அதிசயம். படித் தண்ணீரை நிறுத்தேன். ஆயிரத்து அறுநூறு சி.சி. என்று வந்தது. ஆக முன்வரிசை சரி, பின்வரிசை தவறு. காரணம் என்ன என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பின்வரிசை என்றால் கவனக்குறைவு என்பது எங்கள் தொழிலில் நீண்டநாள் தீர்மானம். ஒரு கிண்ணத்தை எண்ண மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் செய்த ஏற்பாடு நிர்வாகத் திறமைக்கு நல்ல உதாரணம். பதினாறு சொன்னவர்களைப் படிக்கு அருகில் நிறுத்தினேன். பதினைந்து சொன்னவர்களைச் சன்னல் ஓரம், முடிந்தவரை தூரத்தில் நிறுத்தினேன்.

4. அதிகாரியின் பதினைந்து

அதிகாரி காவிரிக் கரையில் பெரிய பண்ணை வீட்டில் பிறந்தவர் என்று ஹெட்மாஸ்டர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். வந்ததிலிருந்து இங்கிலீஷ் தவிர வேறு பேசவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். படிக்கு அருகில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு, அனுபவமுள்ள எல்லா அதிகாரிகளும் செய்வதைச் செய்தார். சன்னல் ஓரம் நின்ற மாதையனைக் கூப்பிட்டார்.

மாதையன் ஊற்றினான். உதடு மட்டும் அசைந்தது. தலைமட்டம் வந்ததும் நிறுத்தி, "ஆயிரத்தி ஐந்நூறு சி.சி.ங்க சார்" என்றான்.

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கோவிந்தனைக் கூப்பிட்டார். கோவிந்தன் ஊற்றி, "ஆயிரத்தி அறுநூறு" என்றான்.

இந்தப் பள்ளியில் ஒரு படிக்கு இரண்டு கன அளவு உண்டா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோட்டின் கையை மடித்துக்கொண்டு அவரே கிண்ணத்தை எடுத்தார். நிதானமாக, ஒரு துளி சிந்தாமல் ஊற்றினார். நான் பார்த்த அதிகாரிகளில் கை நடுங்காதவர் அவர் ஒருவர்தான். முடித்துவிட்டு, பதினைந்து, பின்னால் நின்ற பையன்தான் சரி என்றார். ஆசிரியர் தெரிந்தெடுத்து முன்னால் நிறுத்திய மாணவனுக்கே எண்ணத் தெரியாவிட்டால், பௌதிகம் நடத்த இந்தப் பள்ளிக்கு இன்னும் காலம் வரவில்லை என்று கருதுவதாகவும் சொன்னார்.

ஹெட்மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். "ஓய், அவர் பதினஞ்சுன்னா பதினஞ்சுதான். கோவிந்தன் பையன் தப்பாச் செஞ்சிட்டான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷத்துக்குள் மாதையன் வீட்டில் மாடு வந்திருக்கும். அதோடு, பதினைந்து தவறு. அது தவறு என்று தராசு முந்தின நாளே சொல்லியிருந்தது. அதிகாரியை மறுத்துப் பேச எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் இன்னொரு சோதனை செய்து காட்ட அனுமதி கேட்க விதியில் இடம் உண்டு.

"சார், அளந்ததை நிறுத்தும் பார்ப்பது எங்கள் வழக்கம்" என்றேன். ஒரே ஒருநாள் வழக்கம். அதை அவர் கேட்கவில்லை.

மாதையனும் கோவிந்தனும் காலிப் படியை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் கல் போட்டுச் சமன் செய்தார்கள். பிறகு தண்ணீர் நிரப்பி எடை போட்டார்கள். ஒரு வீசை, ஐந்து பலம், கூடவே முக்கால் பலம். கரும்பலகையில் அதைக் கிராமுக்கு மாற்றி எழுதுவது யார் என்று பார்த்தேன். அதிகாரியே சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். வீசைக்கு ஆயிரத்து நானூறு. ஐந்தே முக்கால் பலத்துக்கு இருநூற்றொன்று. கூட்டினார். ஆயிரத்து அறுநூற்றொன்று கிராம். அதன் கீழே கோடு போட்டுவிட்டு, கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாதையா, எடை ஆயிரத்து அறுநூறு, கன அளவு ஆயிரத்து ஐந்நூறு என்றால் இந்தத் தண்ணீரின் அடர்த்தி என்ன?" என்றேன்.

அவன் பலகையில் வகுத்தான். ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. கோவிந்தன் சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தான். அவனுக்கு அதிகாரி என்றால் யார் என்பது இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"சார், அப்ப நம்ம ஏரி கடலைவிட உப்புங்களா?"

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி திரும்பினார். கோபம் இருந்தது. ஆனால் அது கோவிந்தன்மேல் இல்லை. கணக்குத் தெரிந்தவனுக்குத் தன் கணக்கு இடிக்கும்போது வருகிற கோபம் அது. "நான் ஒழுங்காத்தான் எண்ணினேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மாதையனைப் பார்த்தார். "நீயும் ஒழுங்காத்தானே எண்ணினே?" இது தமிழ். அன்று அவர் பேசிய முதல் தமிழ்.

"ஆமாங்க சார்."

"அப்ப அந்த நூறு சி.சி. எங்கே போச்சு?"

மாதையன் கொஞ்சம் யோசித்தான். "சாமிக்குப் போயிருக்குமுங்க."

நான் அவனை முறைத்தேன். அதிகாரி என்னைக் கையால் அடக்கிவிட்டு, "எந்தச் சாமிக்கு? மறுபடி ஊத்து. வாய்விட்டு எண்ணு" என்றார்.

மாதையன் முதல் கிண்ணத்தை ஊற்றினான். "லாபம்" என்றான். அடுத்ததை ஊற்றினான். "ஒண்ணு." அடுத்தது. "ரெண்டு."

"நிறுத்து" என்றேன். "முதல் கிண்ணம் என்ன ஆயிற்று?"

"அது லாபமுங்க சார். களத்துல ராயி அளக்கையில மொதப் படி மாரியாத்தாளுக்கு. அதைத் தனியாக் கூடையில கொட்டிட்டு, அப்புறந்தான் ஒண்ணு எண்ணுவோம். சாமிக்கு வெச்சதை எண்ணப்படாதுங்க."

"இது தண்ணீர்டா!"

"தெரியுதுங்க சார். படியப் பாத்ததும் வாய் அப்பிடித்தான் வருது."

சன்னல் ஓரம் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் ராயி என்கிற கேழ்வரகு அளக்கும் களம் இருந்தது. எல்லோர் களத்திலும் மாரியாத்தாள் இருந்தாள். கோவிந்தனுக்கு மட்டும் இது அக்கிரமமாகப் பட்டது.

"எங்க கடையிலயும் லாபமுன்னுதான் சார் ஆரம்பிப்போம். ஆனா அடுத்தது ரெண்டு. லாபத்தைக் கணக்குல வுட்டுட்டா அப்புறம் கடைய மூடவேண்டியதுதான்."

"அதான் உங்க கடையில படி கொறையுதுன்னு எங்கம்மா சொல்லுது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"டேய், யார்ரா அது?"

"சைலன்ஸ்!" என்றார் ஹெட்மாஸ்டர், பயம் தெளிந்த குரலில்.

நான் அதிகாரியைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. தராசுக்கல்லைத் துடைத்து வைத்தேன். ஆனால் அவர் மறைக்கிற மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்ல பெருமாளுக்கு. முதல் மரக்கால் நெல் கோயில் விளக்குக்குன்னு தனியாப் போயிடும். அப்பா எண்ணவே விடமாட்டார். நாப்பது வருஷமாச்சு நான் நெல் அளந்து." பிறகு மாதையன் பக்கம் குனிந்தார். "சரிப்பா. சாமியையும் சேர்த்துச் சொல்லு. படியோட கன அளவு என்ன?"

"ஆயிரத்தி அறுநூறு சி.சி.ங்க."

"சாமி பங்கு?"

"நூறு சி.சி.ங்க."

"எடை?"

"நூறு கிராமுங்க." ஒரு விநாடி நிறுத்தினான். "ராயின்னா கொறையுமுங்க சார். ராயிக்கு நடுவுல காத்து இருக்குதே."

அந்தக் கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவே இல்லை. அதிகாரி நிமிர்ந்து ஹெட்மாஸ்டரைப் பார்த்து, மறுபடி இங்கிலீஷுக்குத் திரும்பி, பௌதிகம் நடத்தலாம் என்றார். சிலிண்டர்களை இனி மாட்டுவண்டியில் வரவழைக்கும்படியும் சொன்னார். செய்முறை வகுப்பில் மாணவர்கள் வாய்விட்டு எண்ண வேண்டும் என்று அவருடைய ஆய்வுக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. காரணம் எழுதவில்லை. ஹெட்மாஸ்டருக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை.

மாதையன் அந்த ஜூனில் நான்காம் பாரத்தில் பௌதிகம் எடுத்தான். அவன் தகப்பனாரிடம் மாடு வாங்க வேண்டாம் என்று நானே சொன்னேன். "வாங்கிட்டனுங்க சார்," என்றார். "பரவால்ல. அதை நானு ஓட்டிக்கிறேன்."

5. இளைய ஆசிரியர்களுக்கு

செய்முறைப் பாடநூல்கள் பிழைகளைப் பட்டியல் போடும். கருவிப் பிழை, பார்வைப் பிழை, வெப்பநிலைப் பிழை. எல்லாவற்றையும் படியுங்கள். பரீட்சையில் கேட்பார்கள். அதற்குமேல் நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று.

கவனக்குறைவு ஒழுங்காக வராது. கவனமில்லாத பத்துப் பேர் அளந்தால் ஒருவன் கூட்டுவான், ஒருவன் குறைப்பான், ஒருவன் பாதியைத் தரையில் கொட்டுவான். பத்துப் பேரும் ஒரே பக்கம், ஒரே அளவு, துளி பிசகாமல் தவறினால் அதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை. அவர்கள் ஏதோ ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள். அந்த விதி உங்களுக்குத் தெரியவில்லை. அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை, சன்னல் ஓரம் நிற்கிறவனின் தலையில் குட்டாதீர்கள்.